மலைநாட்டு லயங்களிற் காற்றும் கணப்பும்

ஹற்றன் நகரிலிருந்து தெற்கே செல்லும் வீதி டிக்கோயாவைக் கடந்து, மலைச்சரிவுகளை வளைந்து வளைந்து சென்று, நோர்வூட் என்னும் சிற்றூரை அடைந்ததும் இரண்டாகப் பிரிகின்றது. ஒரு கிளை பொகவந்தலாவைக்கும் மற்றையது மஸ்கெலியாவுக்கும் செல்லும். பொகவந்தலாவைப் பள்ளத்தாக்கினின்றும் வரும் கெசல்கமு ஓயா இவ்வூரருகே ஓடிக் காசல்ரீ நீர்த்தேக்கத்தில் வீழ்கின்றது. எத்திசை நோக்கினும் தேயிலை. அப்பசுமைக்கிடையே வழிச்செல்வோன் கண்ணில் இருவகைக் கட்டடங்கள் மீண்டும் மீண்டும் தென்படும். ஒன்று, பல மாடிகளும் வரிசை வரிசையான பலகணிகளும் உடையதாய் ஓங்கி நிற்கும் தேயிலைத் தொழிற்சாலை. தோட்டமக்கள் இதனை 'ஸ்டோர்' என்பர். மற்றொன்று, தாழ்ந்த தகரக் கூரையின் கீழ் நீண்டு கிடக்கும் லயம்.

இவ்விரண்டையும் எழுப்பியோர் ஒருவரே. கல்லும் மரமும் இரும்புத் தகரமும் இரண்டுக்கும் பொது. எனினும், ஒன்றனுள் காற்று எவ்வழி புகுதல் வேண்டும், எத்துணைச் சூட்டோடு புகுதல் வேண்டும், எவ்வழி வெளியேறுதல் வேண்டும் என்பன நுணுகி ஆராயப்பட்டன. மற்றொன்றில் அவ்வினா எழுந்ததே அரிது. ஒரே மலையில், ஒரே காலத்தில், ஒரே முதலாளியின் பொருட்செலவில் இத்தகைய வேறுபாடு தோன்றியது எங்ஙனம் என்பதே ஈண்டு ஆராயற்பாலது.

மலைநாட்டிற் காற்றைக் கருவியாக ஆளுங் கலை தேயிலையோடு வந்ததன்று. கோப்பிக் காலத்திலேயே அது தோன்றிவிட்டது. பறித்த கோப்பிப் பழத்தின் தோலை நீக்கிக் கழுவிய கொட்டைகளைக் களத்திற் பரப்பி வெயிலில் உலர்த்துவதே பழைய வழக்கம். ஆயின், அறுவடைக் காலத்தில் மழையும் விடாது பெய்யும் நாடு இது. களத்திற் கிடந்த கொட்டை நனைந்து பூஞ்சணம் பிடிக்கும். சிலவேளை முளைத்தும் விடும். ஓராண்டு உழைப்பு ஒரு கிழமை மழையில் அழிவதைக் கண்ட தோட்டக்காரர் மாற்று வழி தேடினர். இலங்கைக் கோப்பித் தோட்டமொன்றைச் சார்ந்த வில்லியம் கிளரிஹியூ என்பவர் 1849இல் ஓர் உபாயத்திற்குக் காப்புரிமை பெற்றார். கோப்பியை மாடியிற் பரப்பி, விசிறிகளைச் சுழற்றிக் கட்டடத்துட் காற்றை இழுத்து வெளியேற்றினால், அவ்விடத்தை நிரப்ப விரையும் சூடேற்றிய காற்று கொட்டைகளினூடே புகுந்து அவற்றை உலர்த்திச் செல்லும் என்பதே அவ்வுபாயம். மழையை வெல்லும் வழி, கூரையின் கீழ் காற்றை நடத்தும் வழியே என்பதை மலைநாட்டுத் தோட்டக்காரர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலேயே அறிந்திருந்தனர் என்பது இதனாற் பெறப்படும்.

அக்காலத்தில் அக்கோப்பியைப் பறித்தோர் எங்கே உறங்கினர்? திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், மதுரை, சேலம், புதுக்கோட்டை முதலிய பகுதிகளிலிருந்து கடல் கடந்து, மன்னார்க் கரையிலிறங்கிக் காட்டுவழியே நடந்து மலையேறிய மக்கள், கம்புகளை நாட்டி மண் அப்பிப் புல் வேய்ந்த குடிசைகளிலேயே முதலில் தங்கினர். கோப்பி பருவப் பயிர். பறித்து முடிந்ததும் பலர் ஊர் திரும்பினர். ஆதலின், அவர்தம் உறையுள் சில மாதத் தங்குமிடமாகவே கருதப்பட்டது. பின்வந்த குறைகள் பலவற்றிற்கு வேர் இவ்வெண்ணமே எனலாம். டிக்கோயா, மஸ்கெலியாப் பகுதிகளின் காடுகள் 1860களிலும் 1870களிலும் வெட்டப்பட்டுக் கோப்பி நடப்பட்டது. 1869இல் இலங்கையிற் காணப்பட்ட இலைத்துரு நோய் அப்பயிரைச் சில ஆண்டுகளுள் அழித்தது. அதனிடத்தைத் தேயிலை பிடித்தது. 1884இல் புகையிரதம் ஹற்றனை எட்டியது. தேயிலையோ ஆண்டு முழுதும் கொழுந்து தரும் பயிர். அதனைப் பறிப்போர் ஆண்டு முழுதும் மலையிலேயே இருத்தல் வேண்டும். குடும்பத்தோடு இருத்தல் வேண்டும். தங்கல் குடியாயிற்று. ஆனால், தங்கலுக்கென வகுத்த அமைப்பு மாறிற்றில்லை.

சமவெளித் தமிழன் வீடமைக்கும் முறை வெயிலுக்கு அஞ்சிய முறை. தடித்த மண்சுவர், தாழ்ந்த ஓலைக்கூரை, நிழல் தரும் திண்ணை ஆகிய யாவும் வெப்பத்தைத் தடுத்துக் குளிர்ச்சியைக் காப்பன. யாழ்ப்பாணத்து நாற்சார் வீடும் நடுமுற்றத்தினூடே காற்றை உலவவிடுவது. அடுக்களையின் புகை புகைக்கூட்டின் வழியே வெளியேறும். குளிர்காலத்திற்கு வேண்டுவன பற்றித் தமிழர் அறியாதாரல்லர். கூதிர்க்காலத்தில் மாந்தர் பலகணிகளை அடைத்துத் தடவு எனப்படும் நெருப்புச் சட்டியருகே குளிர்காய்ந்தமையை நக்கீரரின் நெடுநல்வாடை காட்டும். ஆயினும், அது சில மாதங்களுக்குரிய ஏற்பாடு. நோர்வூட்டின் சுவாத்தியம் அன்னதன்று. கடல்மட்டத்திற்கு மேலே 3,500 அடிக்கும் கூடிய உயரத்தில், தென்மேற்குப் பருவமழையின் முழுவீச்சையும் ஏற்கும் பள்ளத்தாக்கு அது. மே முதலாகப் பல கிழமைகள் துணி உலராது, விறகு உலராது, சுவரும் வியர்க்கும். இன்னும் மேலே நுவரெலியாவில் ஆண்டுச் சராசரி வெப்பநிலை சதமவளவில் ஏறத்தாழ 16 பாகையே. தை மாசி மாதங்களின் விடியற்காலையில் புல்லின்மீது உறைபனி படிவதும் உண்டு. வெயிலுக்கு அஞ்சிய மக்கள் ஈரக்குளிரின் நடுவே குடியேற்றப்பட்டனர். அவர்க்கு வேண்டியிருந்தது இரண்டு: உடலுக்குக் கணப்பு, நெஞ்சுக்கு நல்ல காற்று. லயம் இவ்விரண்டினுள் ஒன்றைப் பெற மற்றொன்றை இழக்கச் செய்தது.

லயத்தின் அமைப்பு பலரும் அறிந்ததே. பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவான அறை. அதன் முன்னே ஒடுங்கிய விறாந்தை. அத்தகைய அறைகள் பத்து, பன்னிரண்டு ஒட்டி நின்றால் ஒரு லயம். முதுகோடு முதுகு ஒட்டி இரு வரிசையாக அமைந்தால் அறைகள் இருபத்துநான்காகும். ஓர் அறையில் ஒரு குடும்பம். எட்டடி உயரமென வைத்துக்கொண்டாலும் அறையினுள் அடங்குங் காற்று 960 கன அடியே. அதனுள் ஐவர் உறங்கினால் ஒருவர்க்கு இருநூறு கன அடிதானும் கிட்டாது. அந்த ஐவரோடு அடுப்பும் அதே காற்றைப் பங்கிட்டுக்கொண்டது.

இவ்விடத்து ஒன்று கூறுதல் பொருந்தும். லயம் என்னுஞ் சொல் ஆங்கிலத்தின் 'லைன்' என்பதன் திரிபு. வரிசை என்பதே பொருள். குதிரை கட்டும் லாயத்தின் நினைவும் அதனோடு ஒட்டிக்கொண்டது தற்செயலே எனினும் பொருத்தமற்றதன்று. அறையைத் தோட்டமக்கள் 'காம்பரா' என்பர். அது போர்த்துக்கேயர் தந்த சொல். விறாந்தையை 'இஸ்தோப்பு' என்பர்; அது ஒல்லாந்தர் தந்தது. மூன்று ஐரோப்பிய இனங்களின் சொற்களால் ஆன அவ்வீட்டில் தமிழ்ச்சொல்லாக நின்றது அடுப்பு ஒன்றே.

அந்த அடுப்புப் பெரும்பாலும் காம்பராவின் ஒரு மூலையிலோ இஸ்தோப்பின் கோடியிலோ அமைந்தது. எரிபொருள், கவ்வாத்து வெட்டும்போது கழிக்கப்படும் தேயிலைக் கிளைகள். 'மிலாறு' எனப்படும் இக்குச்சிகளைப் பெண்கள் வேலை முடிந்து திரும்புகையில் தலைச்சுமையாகக் கொண்டுவருவர். ஈரமிலாறு எரிவதினும் புகைவதே மிகுதி. அப்புகை செல்லப் புகைக்கூடு இல்லை. பல லயங்களில் அறைகளைப் பிரிக்குஞ் சுவர் கூரையைத் தொடாது இடையிலேயே நின்றது. ஆதலின், ஒரு வீட்டுப் புகை கூரையின் அடிவழியே அடுத்த வீட்டுக்கும் விருந்து சென்றது. முதுகொட்டிய லயங்களில் பின்சுவரே இல்லாமையால் ஒருபுறம் புகுந்த காற்று மறுபுறம் வெளியேற வழியில்லை. குறுக்கே ஓடாத காற்று காற்றோட்டம் ஆகாது. அது வாசலில் நின்று எட்டிப் பார்த்துத் திரும்புவது.

கூரைத் தகரம் இன்னொரு கேடு. புற்கூரையும் ஓலைக்கூரையும் வெப்பத்தை எளிதிற் கடத்தா. இரும்புத் தகரமோ பகல் வெயிலில் காய்ந்து அறையை அடுப்பாக்கும். இரவில் வானத்திற்குத் தன் சூட்டை விரைவில் இழந்து வெளிக்காற்றினும் குளிர்ந்துவிடும். உறங்குவோர் மூச்சிலும் அடுப்பிற் கொதிக்கும் நீரிலுமிருந்து எழும் ஆவி அத்தகரத்தின் அடியிற் பட்டுத் துளியாகிச் சொட்டும். மழையற்ற இரவிலும் கூரை ஒழுகுகின்றதென மக்கள் எண்ணியதற்கு இதுவே காரணம். நெருப்புக்கும் கறையானுக்கும் புற்கூரையினும் தகரம் தாங்கும் என்பது மெய். தோட்டக்காரர் அதனை விரும்பியதற்கு அதுவும் ஒரு காரணம். ஆயின், அதன்கீழ் ஓர் உட்கூரை அமைத்திருப்பின் இத்தீமை பெரும்பாலும் நீங்கியிருக்கும்.

இனி, ஸ்டோரின் உட்புகுந்து நோக்குதல் வேண்டும்.

இலங்கைத் தேயிலையின் முன்னோடியாகிய ஜேம்ஸ் டெயிலர் 1867இல் லூல்கந்துரையிற் பயிரிடத் தொடங்கியவர். தொடக்கத்தில் அவர் தம் பங்களாவின் விறாந்தையிலேயே மேசைமேற் கொழுந்தைக் கையால் உருட்டி, மண்ணடுப்பிற் கரிநெருப்பின் மேலே உலர்த்தினார். அதாவது, முதற் தேயிலையும் தொழிலாளியின் சோறும் ஏறத்தாழ ஒரேவகை அடுப்பிலேயே வெந்தன. ஆனால், தேயிலையின் வழி விரைவிற் பிரிந்தது. உலர்ந்த தேயிலை அண்டையிலுள்ள மணங்களை எல்லாம் உறிஞ்சும் இயல்பினது. சிறிது புகை பட்டாலும் சுவை கெடும். சுவைப்போன் நாவு அதனைக் கண்டுகொள்ளும். ஏலத்தில் விலை வீழும். இலண்டன் ஏலத்தைத் தொடர்ந்து 1883 யூலை 30ஆம் நாள் கொழும்பிலும் தேயிலை ஏலம் தொடங்கியபின் இவ்விழப்பு உடனுக்குடன் கணக்கில் ஏறியது.

இதற்கு விடை கண்டவருள் தலைசிறந்தவர் பெல்பாஸ்ற் நகரத்துச் சாமுவேல் டேவிட்சன். 1864இல் இளைஞராக அசாமின் கச்சார்ப் பகுதித் தேயிலைத் தோட்டத்திற்குச் சென்ற அவர், கரியடுப்பின் குறைகளை நேரிற் கண்டு, நெருப்பையும் தேயிலையையும் பிரிக்கும் யந்திரத்தை ஆக்கினார். உலையின் நெருப்பு இரும்புக் குழாய்களைச் சூடாக்கும். புகை தனிவழியே உயர்ந்த புகைக்கூட்டின் மூலம் வெளியேறும். தூய காற்று அச்சூடான இரும்பைத் தழுவிச் சென்று வெப்பமேறி, தட்டுகளிற் பரப்பிய தேயிலையினூடே செலுத்தப்படும். சகாராப் பாலையினின்று வீசும் வெங்காற்றின் பெயரால் அதற்குச் சிறொக்கோ என்று பெயரிட்டார். 1881இல் பெல்பாஸ்றில் அவர் நிறுவிய சிறொக்கோ யந்திரசாலை உலகெங்கும் புகழ்பெற்றது. 1898இல் அவர் ஆக்கிய சுழல்விசிறி, தேயிலையைக் கடந்து, சுரங்கங்களிலும் கப்பல்களிலும் மாந்தர் மூச்சுவிடக் காற்றுச் செலுத்தும் கருவியாயிற்று. தேயிலைக்கென்று பிறந்த விசிறி நிலக்கரிச் சுரங்கத்துத் தொழிலாளிக்கு உதவியது. அத்தேயிலையைப் பறித்தவளின் காம்பராவை மட்டும் எட்டவில்லை.

வாட்டும் மாடியின் ஏற்பாடு இதனினும் நுட்பமானது. பச்சைக் கொழுந்தின் நிறையில் முக்காற் பங்கிற்கு மேல் நீர். ஏறத்தாழ நாலரை இறாத்தற் கொழுந்தினின்றும் ஒரு இறாத்தல் தேயிலையே கிட்டும். எனவே ஒவ்வோர் இறாத்தல் தேயிலைக்கும் மூன்றரை இறாத்தல் நீரைக் காற்றே சுமந்து செல்லல் வேண்டும். இதன் முதற்பகுதி மேன்மாடிகளில் நிகழும். வரிசையாகச் சாக்குத் துணி கட்டிய தட்டுகளிற் கொழுந்தை மெல்லிதாகப் பரப்பிப் பன்னிரண்டு முதல் பதினெட்டு மணி நேரம் வாட்டுவர். வெயில் நாளாயின் பலகணிகளைத் திறந்து இயற்கைக் காற்றை விடுவர். மழைநாளாயின் பலகணிகளை அடைத்து, கீழே உலர்த்தும் அறையின் வெப்பக் காற்றை வாய்க்கால் போன்ற வழிகளால் மேலேற்றி, வெளிக்காற்றோடு அளவாகக் கலந்து, பெருவிசிறிகளால் கொழுந்தின்மேற் செலுத்துவர். சூடு மிகின் கொழுந்து கருகும். ஆதலின் இளஞ்சூட்டைத் தாண்டவிடுவதில்லை. ஈரக்குமிழ், உலர்குமிழ் என்னும் இரு வெப்பமானிகள் மாடியிலே தொங்கும். அவை காட்டும் வேறுபாட்டைக் கொண்டு காற்றின் ஈரத்தை டீமேக்கர் இரவு பகலாகக் கணிப்பார். 1925இல் அமைந்த தேயிலை ஆராய்ச்சி நிலையம் பின்னர் தலவாக்கலைப் பகுதியின் சென் கூம்ஸ் தோட்டத்தில் நிலைகொண்டு, இவ்வாட்டுதலையும் ஆராய்ந்தது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தட்டுகளின் இடத்தை, அடியிலிருந்து விசிறி காற்றூதும் நீண்ட வாட்டுத்தொட்டிகள் பிடித்தன.

வெயிலுக்குத் திறக்கும் பலகணி, மழைக்கு இளஞ்சூட்டுக் காற்று, புகைக்குத் தனிவழி, ஈரத்திற்கு அளவுகருவி: நோர்வூட் போன்ற மலையில் மனிதன் வாழும் வீட்டிற்கு வேண்டுவனவும் இவையே. அறிவு இல்லாமையால் லயம் அவ்வாறு அமைந்தது என்று எவரும் கூறவியலாது. அறிவு சில நூறு யார் தொலைவில், அதே தோட்டத்தில், இரவு முழுதும் விசிறியோசையோடு இயங்கிக்கொண்டிருந்தது.

துரைமார் பங்களாவைப் பற்றி விரித்தல் வேண்டா. வரவேற்பறையிலும் படுக்கையறையிலும் கணப்படுப்பு. ஒவ்வொன்றின் புகையும் கூரைக்கு மேலே கல்லாலான புகைக்கூட்டின் வழி செல்லும். அடுப்பின் வாயைக் குறுக்கி, புகை மேலேறும் தொண்டையை ஒடுக்கினால் அறை புகையாது வெப்பம் பெறும் என்பதை றம்போர்ட் பிரபு பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலேயே எழுதியிருந்தார். காசல்ரீ நீர்த்தேக்கத்தைச் சூழ்ந்த சில பங்களாக்களும் நோர்வூட் பங்களாவும் 2005 முதலாக வெளிநாட்டு விருந்தினர் தங்கும் விடுதிகளாக்கப்பட்டன. பழைய தோட்டவாழ்வின் இன்பத்தை நுகர விரும்புவோர் அங்கே தங்குகின்றனர்.

தொழிலாளர் நலம் பற்றி அரசாங்கம் முற்றும் வாளாவிருந்தது என்றலும் பொருந்தாது. 1872இல் தோட்ட மருத்துவத் தேவைகள் பற்றிய சட்டம் பிறந்தது. 1912இல் அது விரிவாக்கப்பட்டதோடு, லயங்களையும் சுற்றுப்புறத்தையும் சுத்தமாக வைக்கும் பொறுப்பைத் தோட்ட அதிகாரிமேற் சுமத்தும் சட்டமும் வந்தது. லயங்கள் கல்லாற் கட்டப்பட்டன, தரை சீமெந்திடப்பட்டது, சுவரின் மேற்பகுதியிற் காற்றுத் துளைகள் விடப்பட்டன. சில தோட்டங்களில் தனித்தனிக் குடில்களும் எழுந்தன. ஆனால், துளை விட்டால் என் நிகழும்? அடுப்பு அணைந்த பின் நள்ளிரவில் அத்துளை வழியே மழைச்சாரலும் குளிரும் புகும். கறுப்புக் கம்பளி ஒன்றைப் பலர் பகிர்ந்து போர்த்த காம்பராவிலே தாய் செய்தது, பழஞ்சாக்கைச் சுருட்டி அத்துளையை அடைத்ததே.

தொழிலாளர் காற்றோட்டத்தின் அருமை அறியார், துளையை அடைத்துப் புகையிற் கிடப்பதே அவர் விருப்பம் என்று கூறுவார் கூற்று அக்காலத்திற் சாதாரணமாயிற்று. இதனினும் பிழைபட்ட கூற்று வேறில்லை. காற்றோட்டமும் கணப்பும் ஒன்றோடொன்று முரணும் இடத்தில், குளிரும் குழந்தையை மடியில் வைத்திருப்பவள் கணப்பையே தேர்வாள். மழைநாளில் ஸ்டோரின் பலகணியை அடைக்கும் டீமேக்கரும் அதனையே செய்கின்றார், ஆயின் அவர்க்குப் புகைக்கூடும் விசிறியும் உள, அவளுக்கு இல்லை. முரணை நீக்கக்கூடியது துளை அன்று, புகைக்கூடு. அஃது அடுப்பின் வெப்பத்தில் ஒரு பகுதியையேனும் சுவருக்குத் தந்து, புகையை வெளியே இழுத்து, அவ்விழுப்பினாலேயே அறைக்குட் புதுக்காற்றையும் வரவழைக்கும். ஒரு லயத்தின் முதுகுச்சுவர் நெடுக நான்கு வீட்டுக்கு ஒரு புகைக்கூடு எழுப்புவதற்கு வேண்டிய கல்லும் கொத்தனும் அம்மலையிலேயே இருந்தன.

இங்கிலாந்தின் நிலையையும் நடுநின்று நோக்குதல் தகும். லீட்ஸ், பேர்மிங்காம் முதலிய ஆலை நகரங்களிலும் முதுகொட்டிய வீடுகளே தொழிலாளர்க்கு வாடகைக்கு விடப்பட்டன. தன் நாட்டுத் தொழிலாளியையே அங்ஙனம் வைத்தவர், பிறநாட்டுத் தொழிலாளியை வேறு எங்ஙனம் வைப்பர் எனச் சிலர் வினாவலாம். ஆனால், ஆண்டுக் கோடீடு நீர், சளிநோய், சயரோகம் ஆகியவற்றைக் கண்ட இங்கிலாந்து, 1909ஆம் ஆண்டு வீடமைப்புச் சட்டத்தால் அத்தகைய வீடுகளைப் புதிதாகக் கட்டுவதைத் தடைசெய்தது. முன்னரே அனுமதிபெற்ற திட்டங்களைக் காட்டி லீட்ஸ் நகரம் மேலும் பல ஆண்டுகள் கட்டிவந்தது வேறு கதை. கொள்கையளவிலேனும் 1909இல் அங்கே தீதென முடிந்தது, இங்கே முடியவில்லை. அங்கே அச்சட்டத்தை ஆக்கிய மன்றுக்கு அவ்வீடுகளில் வாழ்ந்தோரிற் பலர் வாக்களித்தனர் என்பது நோக்கற்பாலது.

வாக்கும் வாடகையும் ஆகிய இவ்விரண்டுமே லயத்தின் வரலாற்றுக்குத் திறவுகோல்கள். லயத்திற்கு வாடகை இல்லை. இதனைத் தோட்ட நிருவாகத்தின் கொடையாகப் பலர் எடுத்துக் காட்டுவதுண்டு. கொடைதான், ஆனால், வாடகை கொடாதவன் சட்டத்தின் கண்ணுக்கு வாடகைக்காரன் ஆகான். 1948ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நகரத்து வாடகைக்காரனுக்கு, வீட்டுக்காரன் விரும்பியவாறு வெளியேற்றவியலாத உறுதியை அளித்தது. லயத்தில் மூன்று தலைமுறை வாழ்ந்தவனுக்கு அவ்வுறுதி இல்லை. அவன் காம்பரா அவன் வேலையின் நிழல். வேலை போயின் நிழலும் போம். அதே 1948இல் பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. முந்திய ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரசின் சார்பில் எழுவரைப் பாராளுமன்றத்திற்கு அனுப்பிய மலைநாட்டு மக்கள், அதன்பின் பெரும்பாலும் வாக்கற்றோராயினர். 1964இல் சிறீமா – சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரின் கதியை நிர்ணயிக்க முனைந்து, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டு, எஞ்சியோரைப் பின்னர்த் தீர்மானிக்கவென ஒதுக்கியது. எந்நாட்டுக்குச் செல்வோம் என்பதே தெரியாத குடும்பம், தன்னதல்லாத சுவரிற் புகைக்கூடு வைப்பது பற்றி எங்ஙனம் எண்ணும்? மலைநாட்டு எழுத்தாளர் ஸி. வி. வேலுப்பிள்ளை தம் நாவலுக்கு 'வீடற்றவன்' எனப் பெயரிட்டார். கூரையின்கீழ் வாழ்வோனே வீடற்றவன் ஆகக்கூடும் என்பது தோட்டத்தை அறிந்தார்க்கு விளக்க வேண்டாத செய்தி.

இத்தனை தடையிடையேயும் மக்கள் வாளாவிருந்திலர். லயத்தின் உருவை மெல்ல மாற்றியோர் அதில் வாழ்ந்தோரே. இஸ்தோப்பைத் தகரத்தாலும் பலகையாலும் அடைத்து அடுப்பை அங்கே கொண்டுவந்தனர். இடங்கிடைத்த இடத்தில் பின்புறம் சாய்ப்பு இறக்கிக் குசினி அமைத்தனர். அடுப்பின் மேலே பரண் கட்டி, நாளைய மிலாறை இன்றைய நெருப்பில் உலர்த்தினர். உலர்ந்த மிலாறு புகை குறைந்து எரியும். டீமேக்கர் வெப்பமானி கொண்டு செய்ததன் எளிய வடிவம் இதுவே. கூரைத் தகரமொன்றைச் சிறிது உயர்த்திக் கல் அண்டைகொடுத்துப் புகைக்கு வழிவிட்டனர். இவையாவும் அனுமதியின்றிச் செய்யப்பட்ட திருத்தங்கள்.

1972, 1975ஆம் ஆண்டுகளின் நிலச்சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிருவாகம் தனியார் கம்பனிகளிடம் சென்றது. முதலாளி மாறியபோதும் லயம் மாறுவது அரிதாயிற்று. இங்கே இன்னொரு முரணையும் கூறாது விடல் இயலாது. நோர்வூட்டைக் கடந்து ஓடும் கெசல்கமு ஓயாவின் நீர்வீழ்ச்சியை மின்னாக்கலாம் என 1918இலேயே எடுத்துக்காட்டியவர் பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திரா. 1950இல் லக்சபானாவிலும், காசல்ரீ அணையோடு 1965இலும் மின் உற்பத்தி தொடங்கிற்று. அவ்வாற்றின் மின் கொழும்பு வீடுகளில் விசிறியைச் சுழற்றியது. அதன் கரையிலிருந்த பல லயங்களில் மண்ணெண்ணெய் விளக்கு மேலும் பல ஆண்டுகள் எரிந்தது. மின் வந்தபின்னும் அது ஒளிக்கே பெரிதும் பயன்பட்டது, கணப்பு மிலாற்றினதே.

விறகடுப்பின் புகை இன்று உலக நலத்துறையினர் யாவரும் அஞ்சும் பொருளாகிவிட்டது. வீட்டினுள் எழும் புகையால் 2020இல் உலகெங்கும் ஏறத்தாழ 32 இலட்சம் பேர் மாண்டனர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பு. அடுப்பருகே மிகுதியாக இருப்போர் பெண்களும் சிறு குழந்தைகளும் ஆதலின் அவர்க்கே கேடு மிகுதி. 1980களில் இலங்கையில் உருவான 'அனகி' என்னும் இருவாய் மண்ணடுப்பு, குறைந்த விறகில் இரு பானைகளைக் கொதிக்கவைத்தது. அதற்கும் புகைக்கூடு இல்லை; ஆயினும் குறைந்த விறகு குறைந்த புகை.

லயத்தை ஒழித்துத் தனிவீடு அமைக்கும் முயற்சி இருபத்தோராம் நூற்றாண்டில் வேகம்பெற்றது. 2017 மே 12ஆம் நாள் நோர்வூட் மைதானத்திற் கூடிய பெருங்கூட்டத்தின் முன் இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி, முன்னர் ஒப்பிய 4,000 வீடுகளோடு மேலும் 10,000 வீடுகள் மலைநாட்டுக்கு வழங்கப்படும் என அறிவித்தார். ஏழு பேர்ச்சஸ் நிலத்தில், 550 சதுர அடியில், இரு படுக்கையறையும் தனிச் சமையலறையும் கொண்ட வீடுகள் அவை. காம்பராவினின்றும் அத்தகைய வீட்டிற்குப் பெயர்ந்தவர்க்கு அடுப்பு உறங்குமிடத்தை விட்டு முதன்முதலாகப் பிரிந்தது.

ஆனால், பெயர்ந்தோர் சிலர், எஞ்சியோர் பலர். 2022இல் நாடெங்கும் எரிவாயு அருகியபோது, சிலிண்டர் வாங்கத் தொடங்கியிருந்த வீடுகளிலும் மண்ணடுப்பு மீண்டும் மூட்டப்பட்டது. நகரத்தார் பலர் அன்றுதான் புகைக்கூடில்லாத அறையில் விறகு மூட்டுவது எத்தகையது என்பதை அறிந்தனர். நோர்வூட்டின் மேல்மலைகளில், 1909இல் இங்கிலாந்து கைவிட்ட வடிவிலமைந்த லயங்களில், அவ்வறிவு ஒன்றரை நூற்றாண்டாக உண்டு.